ரம்பத்துக்குப் போட்ட மாலை

கிறிஸ்துமஸ் லீவில் மகன் வாங்கிவந்த மின்ரம்பத்தின் மேல் மல்லிகை மாலை கிடந்தது. அந்த வாசனை பட்டதுமே நான் இரண்டடி பின்னால் போனேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா தச்சர். காலால் மிதித்து ஓட்டும் வட்ட ரம்பத்தின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து வருஷக்கணக்கில் ஏங்கினார். சீமைக்குத் திரும்பிய துரை, ஒரு கிறிஸ்துமஸ் அன்று தன் ரம்பத்தை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். ஏழு வயதான நான், யாரும் பார்க்காதபோது மாலை போட்டேன். அப்பா ஆசை பொறுக்காமல் மிதித்தார். மாலை சக்கரத்தில் சுற்றியது. அதைப் பிடித்து இழுத்த அவர் கை ரம்பத்துக்குள் போனது. இரண்டு விரல்கள் மரத்தூளில் விழுந்தன.

"எவடி மாலை போட்டது?" என்று கத்தினார் அப்பா.

"நான்தாங்க," என்றாள் அம்மா.

ரத்தம் ஒழுக ஒழுக, மறு கையால் கொட்டாப்புளியை, அந்த மரச் சுத்தியலை, எடுத்து அவள் தோளில் அடித்தார். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. நான் வாயே திறக்கவில்லை.

இப்போது மாலையைப் பிய்த்தெறிந்து, "எவடி போட்டது?" என்று கத்தினேன்.

"நான்தான்லா அத்தை, கோவப்படாதீங்க," என்றாள் மருமகள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பேத்தியின் கையில், மாலை கட்டிய நூல் மிச்சம் இருந்தது.

ஓங்கிய கையை எங்கே இறக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.