தட்டோடு திரும்பி வந்த பயறு

தையல் ஆலை கேன்டீனில் அடுப்பு அவளுடையது, காய் நறுக்கும் கத்தி என்னுடையது. பட்டாணி, மொச்சை, பயறு என்று எதையாவது எல்லோர் தட்டிலும் தள்ளாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதனால் எங்களுக்கு அவள் பட்டாணி அக்கா. "நாள் முழுக்கக் குனிஞ்சு தைக்கிற உடம்பு, இது இல்லாம எப்படி நிக்கும்?" என்பாள். நல்ல எண்ணம்தான். ஆனால் வைத்த பயறு வைத்தபடியே திரும்பி வந்தது.

கேன்டீன் முதலாளி பொறுத்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையும் மிஞ்சுச்சுன்னா அடுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேம்மா" என்றார்.

வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். இவளுக்கோ, ஏன் மிஞ்சுகிறது என்று தெரியாமல் மண்டை வெடித்தது. கேட்டால் எல்லோரும் "நல்லாத்தான் இருக்குக்கா" என்கிறார்கள். நல்லா இருந்தால் ஏன் மிச்சம் வைக்கிறார்கள்? மறுநாள் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, தட்டு கழுவும் இடத்தில் போய் நின்றாள். முதலில் சாப்பிட்ட மூட்டை தூக்குபவர்களின் தட்டுகள் வழித்துத் துடைத்தாற்போல் இருந்தன. பிறகு வந்த தையல்காரிகளின் தட்டில்தான் பயறு அப்படியே கிடந்தது. ஒரே பானை, ஒரே உப்பு. இதென்ன கூத்து?

அக்காவுடைய கணவனின் தங்கைக்கும் தையல் கூடத்தில்தான் வேலை. மாலையில் அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். நானும் கூடவே நின்றேன். இதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மனம் வருமா?

நாத்தனார் மென்று முழுங்கினாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. அதைச் சாப்பிட்டா வயித்துல ஒரே காத்து. மூட்டை தூக்குறவங்க வெளியில நிக்கிறாங்க, யாருக்குத் தெரியும்? நாங்க தோளோட தோள் இடிச்சு உக்காந்திருக்கோம். போன மாசம் ஒருத்திக்குச் சத்தமாவே போயிடுச்சு. இன்னும் சிரிக்கிறாங்க."

"யாருடி அது?"

"நான்தான்." கண் நிறைந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமாகவும் போனது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊறுன தண்ணியைக் கொட்டிடுன்னு எங்கம்மா தலைபாடா அடிச்சுக்கும். சத்து போயிடுமேன்னு நான்தான் அதுலயே வேக வைக்கிறேன்!"

அன்றிலிருந்து ஊறிய தண்ணீரைக் கொட்டி, பயறை அலசி, விரலில் நசுங்கும்வரை வேகவைத்தாள். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இனிமேல் காத்து வராது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை தையல்காரிகளின் வரிசையில் நாத்தனார் முன்னால் வந்து தட்டை நீட்டினாள். பின்னால் கிசுகிசு எழுந்தது. "நிறையப் போடுங்க அண்ணி. நான்தான் ஏற்கெனவே பேர் எடுத்தாச்சே" என்று சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு தட்டுகள் ஒவ்வொன்றாக நீண்டன. முதலாளி வந்து எட்டிப் பார்த்தபோது அக்கா பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் மாலைவரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடம் விட்டதும் வாசலுக்கே ஓடினாள், பின்னாலேயே நானும்.

"என்னடி ஆச்சு?"

நாத்தனார் காதருகே குனிந்தாள். "சத்தமே இல்லை அண்ணி."