மெஷினம்மாவின் ஓட்டு

அந்த ராக்கெட் படத்தைப் பற்றி இப்போது யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிறேன். எழ முடியாத இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். படம் வந்த புதிதில் அப்படியா இருந்தேன்? அதற்காக அதிகம் கத்தியவனே நான்தான். என் மாப்பிள்ளை இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டுவிட்டு, "மேல ஒண்ணுமே இல்லன்னு காட்டறதுக்கு இவ்வளவு செலவா மாமா?" என்று கேட்டார். மகள் இரண்டு தரம் பார்த்து இரண்டு தரமும் மூக்கைச் சிந்தினாள். எங்கள் டாக்டர், அறிவியல்படி எல்லாமே அபத்தம் என்று ஒரே போடாகப் போட்டார். ஆனால் அந்தப் படத்துக்காக உண்மையிலேயே அடித்துக்கொண்டது எங்கள் டயாலிசிஸ் வார்டுதான்.

வார்டு என்றால் எட்டுக் கட்டில், எட்டு மெஷின். சிறுநீரகம் கைவிட்டவர்கள் நாங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து கையை நீட்டினால் இரண்டு ஊசி ஏற்றி, ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுவார்கள். வராமல் விட்டால் ஒரு வாரம், இரண்டு வாரம், அவ்வளவுதான். நாலு மணி நேரம் அந்தக் கையை ஆட்டக் கூடாது, வாயை ஆட்டலாம். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன், மூன்றாம் கட்டில், என் வாய் சும்மா இருக்காது. ஏதாவது ஒன்றைக் கிளப்பிவிட்டு, எல்லோரையும் மோதவிட்டு, கடைசியில் ஓட்டெடுப்பு நடத்துவேன். மகன் வீட்டில் இருப்பது மேலா, மகள் வீட்டில் இருப்பது மேலா? மீசை வைத்த டாக்டரை நம்பலாமா? ஊசி இல்லாத கையைத் தூக்க வேண்டும், அதுதான் சட்டம்.

படத்தின் கதை இதுதான். தூரத்துக் கிரகத்துக்குப் போன கப்பல் ஒன்று பழுதாகித் திரும்பி வருகிறது. அதில் ஓர் என்ஜினியர் பின்னறையில் மாட்டிக்கொள்கிறான், கதவைத் திறக்க வழியில்லை. கப்பலை ஓட்டுகிற பெண் சில மணிக்கொரு தரம் வந்து கையாலேயே பம்பு அடித்து, ஒரு குழாய் வழியாக அவனுக்குக் காற்று அனுப்புகிறாள். வீடு வந்து சேர வருஷக்கணக்காகும். அவள் ஒரு நாளும் முழுதாகத் தூங்குவதில்லை. கடைசியில் ஒரு நாள் அவன் உள்ளே இருந்தபடியே குழாயின் வால்வை மூடிவிடுகிறான். அவன் செய்தது சரியா, தப்பா? இதுதான் சண்டை.

எங்கள் வார்டை அந்தப் படம் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாங்களும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "கோழைப் பய. அவ்வளவுதான்," என்பார் ஐந்தாம் கட்டில் பேங்க்காரர். "அடேங்கப்பா! நீங்க பெரிய வீரர். ஊசியப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க," என்பாள் எதிர்க் கட்டில் டெய்லரம்மா. அவள் என்ஜினியர் கட்சி. நான் பேங்க்காரர் கட்சி. ஒருத்தி உயிரைக் கொடுத்துப் பம்பு அடிக்கிறாள், இவன் பாட்டுக்கு மூடிவிட்டுப் போனால் என்ன அர்த்தம் என்பது என் வாதம்.

இத்தனை கூச்சலுக்கும் நடுவில் வாயே திறக்காமல் நடமாடுகிறவள் மெஷினம்மா. எங்களுக்கு ஊசி ஏற்றி மெஷினில் பூட்டுகிறவள். டெக்னீஷியன் என்பது எங்கள் வாயில் நுழையாததால் மெஷினம்மா என்று வைத்துவிட்டோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மெஷின் அலறினால் ஓட மாட்டாள், நடந்துதான் வருவாள், ஆனால் வந்து சேர்ந்துவிடுவாள். மதியச் சாப்பாடு கைகழுவும் தொட்டி பக்கத்தில் நின்றபடியே. என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்பே இந்த வேலைக்கு வந்தவள். புருஷன் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிச் சுவருக்கு வண்ணம் அடித்த பெயிண்டர். நல்ல தமாஷான ஆள். ஏழு வருஷத்துக்கு முன் அவருக்கும் சிறுநீரகம் போயிற்று. வேறு எங்கே போவார்? பெண்டாட்டியின் வார்டுக்கே வந்து நாலாம் கட்டிலில், என் பக்கத்தில் படுத்தார். முதல் நாள் வேறு யாராவது ஊசி போடட்டும் என்று எல்லோரும் சொல்ல, "யாரு குத்தினாலும் வலிக்கும்," என்று தானே குத்தினாள். வார்டில் அவரை "நாலாம் பெட்" என்பாள். அவர் வேண்டுமென்றே "சிஸ்டர், கொஞ்சம் மெதுவா" என்பார். நாங்கள் சிரிப்போம். அவள் சிரித்ததில்லை, கோபித்ததும் இல்லை.

அவருக்கு இதயமும் பலவீனம், மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வருஷத்தில் அவளும் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. காலையில் இரண்டு பேரும் ஒன்றாக வருவார்கள். அவர் படுப்பார், அவள் நிற்பாள். வேலை முடிந்து ஒன்றாகப் போவார்கள். மறுநாள் அவர் வீட்டில் படுத்திருக்க, அவள் மட்டும் வருவாள். பிள்ளைகள் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஊசி ஏற்றும்போது அவர் தாழ்ந்த குரலில் பேசியது என் காதில் விழுந்தது. விழாமல் என்ன? கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மெஷின் அகலம்தான்.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன். என் இஷ்டம்னு சொல்லிட்டார். இனி உன் இஷ்டம்தான் பாக்கி."

அவள் பிளாஸ்திரி கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சரின்னு சொன்னா இந்த டயாலிசிஸை நிறுத்திக்கிறேன். தப்புன்னு சொன்னா வர்றேன். உசுரு இருக்கிறவரைக்கும் முணுமுணுக்காம வர்றேன். நீ வாயத் திறந்து ஒண்ணு சொல்லு."

"கைய அசைக்காதீங்க," என்றாள் அவள். பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு என் பக்கம் வந்தாள். எனக்கும் அதே வேகத்தில் ஊசி ஏற்றினாள்.

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். ஆனால் அந்த மனுஷனே ஆரம்பித்தார். "என்ன கண்டக்டர், வண்டி நின்னுபோச்சா? படத்துக்கு இன்னிக்கு ஓட்டெடுப்புன்னீங்க? எங்கே ஓட்டு?" என்றார். பேங்க்காரர் பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் நடத்தினேன். தப்பு என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். என்னையும் சேர்த்து நாலு கை. சரி என்கிறவர்கள்? டெய்லரம்மா, வாசலோரம் இரண்டு பேர். நாலாவதாகப் பெயிண்டர் தூக்கினார், அதுவும் ஊசி இருக்கிற கையை! மெஷின் அலறியது. மெஷினம்மா நடந்து வந்து, அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் வைத்து அழுத்தி, பொத்தானைத் தட்டி அலறலை நிறுத்தினாள்.

"நாலுக்கு நாலு. மெஷினம்மா சொல்றதுதான் முடிவு," என்றாள் டெய்லரம்மா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"நான் படம் பாக்கல."

"பொய்!" என்றார் பெயிண்டர். "ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல உக்காந்து பாத்தா. அவன் வால்வை மூடறப்போ தியேட்டரே அழுவுது, இவ பாப்கார்னைக் கடைசி வரைக்கும் தின்னு முடிச்சா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 'தப்புன்னு சொல்லு தாயே' என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஏழு வருஷம் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மனுஷன். அவர் போய்விட்டால் அந்தக் கட்டிலைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. என் பயம் எனக்கு.

அவள் அடுத்த மெஷினைப் பார்க்கப் போனாள். நேரம் முடிந்து அவருடைய ஊசிகளை உருவியபோது பேங்க்காரர் விடவில்லை. "அம்மா, கையையாவது தூக்குங்க, நாங்க புரிஞ்சிக்கிறோம்," என்றார். ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிஷம் போல அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டால் ரத்தம் பீறிடும். அவள் இரண்டு கட்டைவிரலாலும் அவர் கையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இப்போ கை எடுக்க முடியாது," என்றாள்.

அத்தோடு எங்கள் கூட்டம் கலைந்தது. பெயிண்டர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, போகிறபோது என் காலைத் தட்டி, "வர்றேன் கண்டக்டர்," என்றார். எப்போதும் சொல்கிறதுதான்.

அடுத்த முறை நாங்கள் போனபோது மெஷினம்மா இல்லை. முகம் தெரியாத ஒரு பையன் மெஷின்களைத் தயார் செய்துகொண்டிருந்தான். நாலாம் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. "சேர்ந்து எங்கயாவது ஊருக்குப் போயிருப்பாங்க," என்றாள் டெய்லரம்மா. "ஏம்மா, டயாலிசிஸ் ஆளு எந்த ஊருக்குப் போவான்?" என்று நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் அழுதுவிட்டாள். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. படத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் செய்தி வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம், வலி இல்லையாம். எனக்குத் துக்கத்தை விடக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் மேல், அவள் மேல், அந்தப் படம் எடுத்தவன் மேல். துக்கம் அப்புறம் மெதுவாக வந்தது, இன்னும் போகவில்லை.

மாதம் முடிவதற்குள் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதே உடுப்பு, அதே நடை. நாலாம் கட்டிலுக்கு ஒரு புது ஆள் வந்திருந்தார். முதல் தடவை, பயந்து போயிருந்தார். "வலிக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். "யாரு குத்தினாலும் வலிக்கும்," என்று சொல்லிவிட்டு ஊசியை ஏற்றினாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னம்மா, எப்படி இருக்கீங்க என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய நாக்கு.

நேரம் முடிந்ததும் என் கட்டிலுக்கு வந்தாள். ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். பக்கத்தில் புது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கண்டக்டர் சார்," என்றாள். "உங்க ஓட்டெடுப்பு பாதியில நின்னுச்சுல்ல."

"அத விடுங்கம்மா. அது ஒரு வேலையத்த வேலை."

"அன்னிக்கு வீட்டுக்குப் போனோம். அவருக்குச் சட்டையக் கழட்டி விட்டேன். காலத் தேச்சு விட்டேன். அப்புறம் எதிர்ல நின்னு கை தூக்கிட்டேன்."

எந்தப் பக்கத்துக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

"சந்தோஷப்பட்டார்," என்றாள். ஒவ்வொரு முறையும் எங்கள் எடையைப் பார்த்துச் சொல்லும் அதே குரல். "நான் அழல. இப்பவும் வரல. எதுவும் தெரிய மாட்டேங்குது."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தபடி நின்றாள். மற்றக் கட்டில்களில் ஒவ்வொருவராகச் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். என்னைக் கூட்டிப்போகிற வேன் டிரைவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார், கொஞ்சம் இருங்கள் என்று சைகை காட்டினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. என் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"ரத்தம் எப்பவோ நின்னுடுச்சும்மா," என்றேன்.

"தெரியும்," என்றாள். கையை எடுக்கவில்லை.