அக்காவின் மணல்மேட்டை நான் சுத்தம் செய்தேன்

எங்கள் வீட்டின் தலைமகளாக மயிலாப்பூரில் பிறந்த அக்கா அவர்கள் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அக்காவைப் பற்றி வேறொருவர் எழுதி என் பெயரைப் போடுவதா என்று நானே எழுதுகிறேன்.

அப்பா காலமானபோது அக்காவுக்குக் கல்யாண வயது. எங்களையெல்லாம் கரையேற்றிவிட்டுத்தான் தாலி கட்டிக்கொண்டார். தேனாம்பேட்டையில் டீச்சராக இருந்தார். மாமா போன பிறகு பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த மாதிரி வீடு கட்டிக் குடியேறினார்.

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. அதில் அடம்புக் கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். ராவணன் மீசை என்கிற முள்ளுப்புல் குத்துக் குத்தாக நிற்கும். ஓரத்தில் தாழை. நீலாங்கரைப் பக்கம் பங்களா கட்டுகிறவர்கள் பிடுங்கிப் போட்டதைக்கூட சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்து நட்டவர் அக்கா.

அந்த மேட்டைச் சமன் செய்து சவுக்கு வைக்கப் பஞ்சாயத்திலிருந்து வந்தார்கள். வார்டு மெம்பர் சிரித்தார்.

“இன்னா டீச்சரம்மா, முள்ளுக்குப் போய் காவல் நின்னுக்கினு கீறீங்க? சவுக்கு வேணாம்னா ரோஜா வச்சித் தரேன்.”

“வை நைனா. உப்புக்காத்துல நீயே வந்து அதுக்குக் குடை புடிச்சிக்கினு நில்லு. சவுக்குக்கு அடியில ஒரு புல்லு மொளைக்குமா? இந்தக் கொடிய எடுத்தா மணலு உன் வூட்டுக்குள்ள வந்து குந்திக்கும்.”

ஆட்கள் திரும்பிப் போனார்கள். அக்கா இருந்தவரை அங்கே மண்வெட்டி படவில்லை. கடைசி நாட்களில் படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்வெட்டி பட வைத்தவள் நான்.

காரியத்தைக் கடலோரமாகவே செய்வதென்று முடிவானது. பெரிய மனிதர்களெல்லாம் வருவார்களே, டீச்சரம்மா வீட்டில் முள்ளுக்காட்டில் உட்கார வைத்தார்கள் என்று பேச்சு வரக் கூடாதே என்று, சாமியானா போட மேட்டைச் சுத்தம் செய்யச் சொன்னேன். அக்கா மகன் தயங்கினான்.

“சித்தி, அது அம்மா வச்ச செடி.”

“வர்றவங்க கால்ல குத்தினா உங்கம்மாவுக்குத்தான்டா கெட்ட பேரு. போய் வேலையப் பாரு.”

மத்தியானத்துக்குள் மேடு தரையாகிவிட்டது. இடம் நன்றாக இருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானும் நிமிர்ந்துதான் நின்றேன். மெம்பரும் மாலையோடு வந்தார்.

“நல்லதாப் போச்சு பெரீம்மா. உங்க வூட்டு ஆளுங்களே க்ளீன் பண்ணிட்டீங்க. இனிமே சவுக்கு வச்சிடறோம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் படத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

யாரிடமும் எதையும் கேட்டுப் போகாதவள், பஞ்சாயத்து ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

“இன்னா பெரீம்மா, நீங்களே புடுங்கிட்டு நீங்களே நடணும்ன்றீங்க?”

“ஆமாம்பா. புடுங்கச் சொன்னது நான்தான்.”

மெம்பர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “சரி, வருசத் திவசம் வரிக்கும் பாக்கலாம். வேர் புடிக்கலன்னா சவுக்குதான்.”

நட்ட அடம்பு வேர்விட்டுப் படர்கிறது. தாழை ஒன்று குருத்து விட்டிருக்கிறது. ராவணன் மீசை வரவேயில்லை. அக்கா மகன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அக்காவைக் கடைசிவரை தாங்கிய பக்கத்து வீட்டு பாயம்மாவுக்கும், கொடி வெட்டிக் கொடுத்த மீனவர் குடும்பங்களுக்கும், தவணை தந்த மெம்பருக்கும் எங்கள் நன்றி. திவசத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். நெருக்கடிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் தெருவைச் சுற்றிப் போங்கள். மேட்டில் மட்டும் யாரும் கால் வைக்காதீர்கள். மெம்பர் அன்றைக்குத்தான் பார்க்க வருகிறார்.