கவிதாவுக்கு மட்டும் மாத்திரை

என் கொழுந்தனார் மனைவி கவிதாவுக்கு எது அமைந்தாலும் என்னுடையதைவிட ஒருபடி மேலாகத்தான் அமையும். இரண்டு பேருக்கும் வந்த மார்பகப் புற்றுநோயிலும் அதுதான் நடந்தது. புதுச்சத்திரத்தில் ஒரே வீடு, சேலத்தில் ஒரே டாக்டர். அவள் கட்டி ஹார்மோன் பாசிட்டிவ், ஹார்மோனால் வளர்கிற வகை. தினம் ஒரு மாத்திரை போட்டால் திரும்ப வராமல் பெரும்பாலும் தடுக்கலாமாம். என் கட்டி அந்த வகை இல்லை, எல்லாமே நெகட்டிவ். "கீமோ முடிஞ்சுதும்மா. உங்களுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது. செக்கப்புக்குத் தவறாம வாங்க" என்றார் டாக்டர்.

பொறாமையில் வெந்தேன். ராத்திரிச் சோறு முடிந்து அவள் மாத்திரை அட்டையைக் கிழிக்கும் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. ஒருநாள் சாப்பிட்டதும் நழுவியவளைத் தேடிப் போனேன். மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தாள்.

"கெடச்ச மருந்த எறிஞ்சு போட்டயாடி?" என்று கத்தினேன்.

உள்ளங்கையைத் திறந்தாள். மாத்திரை இருந்தது.

"உங்க முன்னால போட மனசு வரலீங்கக்கா. பசிச்சவங்க முன்னால சோறு திங்கற மாதிரி இருக்குதுங்க."

பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது தினமும் தண்ணீர்ச் சொம்போடு அவள் எதிரில் உட்கார்கிறேன். அவள் விழுங்கும்வரை எழுந்திருப்பதில்லை.