எட்டாவது அத்தியாயத்தில் நின்ற சத்தம்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் அந்தப் பெண்மணியை ஓட்டுநர், நடத்துநர், கடைக்காரர் எல்லோரும் கனிவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று காலை முழுக்கச் சொல்பவருக்கு வேறு என்ன பெயர் ஒட்டும்? எதையும் இரண்டு முறை சொல்வது தொழில் பழக்கம். வீட்டிலும் 'சாப்பிட வாங்க' இரண்டு முறை வரும். முதல் முறைக்கு யாரும் அசைவதில்லை.

பிற்பகலில் அவருக்கு இன்னொரு வேலை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்புவார். குறுக்கே யாரும் பேசாமல் தொடர்ந்து பேசக் கிடைக்கும் வாய்ப்பே அதற்கான சம்பளம் என்பது கணவரின் கருத்து. கணவர் பேக்கரியில் மாஸ்டர். விடியும் முன்னே போய், மதியம் திரும்பி, பொழுது சாயும் வரை தூங்குவார். தெருச் சத்தம் எட்டாத அறை வீட்டில் ஒன்றுதான். அதே அறையில் அவர் தூங்க, இவர் வாசிக்க, குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் ஒரு சட்டக் கல்லூரி மாணவிக்காக ஒப்பந்தச் சட்டம். போன தடவை அவள் கவிழ்ந்தது இந்த ஒரு பாடத்தில்தான். இந்தத் தடவையும் போனால் வருடமே போச்சு. திங்கட்கிழமை தேர்வு. ஒன்பது அத்தியாயங்கள் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் கம்ப்யூட்டருக்குள் இருந்தன, வேறெங்கும் இல்லை. கடைசி அத்தியாயமான பதின்மூன்றை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, வியாழக்கிழமையன்று, திரை கறுத்துவிட்டது.

மறுபடி போட்டால் விளக்கு எரிந்தது. திரையில் நிறுவனத்தின் பெயர் வந்தது. பிறகு வழக்கமான ஆங்கில வரி. கொஞ்ச நாளாகவே அந்த வரி வந்து, எஃப் ஒன் விசையை அழுத்தச் சொல்கிறது. கனிவக்காவும் அழுத்துகிறார். உள்ளே போக அதுதான் வழி என்று எடுத்துக்கொண்டார். கையில் கொடுத்த எதையும் முற்றுப்புள்ளி வரை வாசிப்பவர், அந்த வரியை மட்டும் வாசித்ததில்லை. அன்றும் அழுத்தினார். சற்று நேரத்தில் மொத்தமும் அணைந்தது.

தம்பிக்குப் போன் போட்டார். தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். குடும்பத்தில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவனைத்தான் கேட்பார்கள்.

"வயரெல்லாம் சரியா செருகியிருக்காக்கா?"

"செருகியிருக்கு, செருகியிருக்கு."

"ஸ்கிரீன்ல எரர் ஏதாவது காட்டுச்சா?"

"ஒண்ணும் காட்டலையே. எப்பவும் வர்றதுதான் வந்துச்சு."

"அப்புறம்?"

"உயிர் போயிடுச்சு."

தம்பி பெருமூச்சு விட்டான். "ஃபார்மட் பண்ணிடலாம்க்கா. ஞாயித்துக்கிழமை வரேன்."

"பண்ணினா உள்ள இருக்கிறது?"

"அது போயிடும். ஆனா மெஷின் புதுசு மாதிரி ஆயிடும்."

"புதுசை வச்சு நான் என்னடா பண்றது? எனக்குப் பழசுதான் வேணும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மாணவியே கூப்பிட்டாள். "அக்கா, பத்தாவது என்னாச்சு? பாதியில விட்டுட்டு எங்கயாவது ஓடிட்டீங்களா?"

கனிவக்கா விஷயத்தைச் சொன்னார். அழுதுவிடுவாளோ என்று பயந்துபோனார். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஆன் பண்ணுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல வைங்க."

வைத்தார். பெட்டி முனகியது, டிக்கென்றது, அணைந்தது.

"அந்த ஙொய்ங்கற சத்தம் எங்கக்கா?"

"எந்த ஙொய்?"

"நீங்க பேசறதுக்குப் பின்னாடி எப்பவும் இருக்குமே. நீங்க மூச்சு வாங்குனா அது மட்டும் கேக்கும். முதல் அத்தியாயத்துலேருந்து அதுவும் சேர்ந்துதான் எனக்குச் சட்டம் சொல்லித் தருது. எட்டாவதுல நின்னு போச்சு. நீங்க புது மெஷின் வாங்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

கனிவக்கா பெட்டியைப் பார்த்தார். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது சத்தம் போடும் என்பதே மறந்துபோயிருந்தது.

"அது நின்ன பிறகு வேற ஒண்ணு கேக்க ஆரம்பிச்சுது" என்றாள் மாணவி. "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"பக்கத்துல யாரோ மரம் அறுக்கறாங்க."

கனிவக்கா மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். மரம் அறுபட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க. என்னங்க."

கணவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இந்தப் பெட்டியை நீங்க தொட்டீங்களா?"

"எந்தப் பெட்டி?"

"வீட்ல எத்தனை பெட்டி இருக்கு?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். பனியனை இழுத்துவிட்டார். சாட்சிக் கூண்டில் ஏறியவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். "நீதான சொன்ன, இரைச்சல் பதிவுல விழுதுன்னு."

"நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லியிருப்ப. உனக்காகத்தான் பண்ணேன். உள்ள ஒரு சின்ன ஃபேன். அதோட வயரை உருவி விட்டேன். வேற எதையும் தொடலை."

"எனக்காகவா?"

"எனக்கும் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு. அதை இல்லைங்கல."

"கேட்டுட்டுப் பண்ணக் கூடாதா?"

"கேட்டா வேணாம்ப. இந்த வீட்ல எத்தனை ஃபேன் ஓடாம நிக்குது? எதுவும் செத்தா போச்சு?"

போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கனிவக்கா அப்போதுதான் போனை அணைக்காததைக் கவனித்தார்.

தம்பிக்குத் தகவல் போனது. சூடு தாங்காமல்தான் பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்று அவன் உடனே சொல்லிவிட்டான். "ஃபேன் எரர்னு முதல்லயே காட்டியிருக்குமேக்கா?" என்றான். கனிவக்கா சிக்னல் சரியில்லை என்றார்.

கணவரே பெட்டியைத் திறந்தார். ரொட்டித் தட்டில் எண்ணெய் தடவும் பிரஷ்ஷில் புதிதாக ஒன்றை எடுத்து, பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்த தூசியைத் தட்டினார். வயரை அதன் இடத்தில் செருகினார். சூடு ஆறட்டும் என்று இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆறியதும் கனிவக்கா பொத்தானை அழுத்தினார். ஙொய் என்றது. அந்த ஆங்கில வரி வரவில்லை. திரை விழித்துக்கொண்டது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் பத்திரமாக இருந்தன. பதின்மூன்று இல்லை. சேமிக்கும் முன்பே மூச்சு நின்றிருந்தது.

மூன்றையும் அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டார். "மரம் அறுக்கறது இதுலயும் இருக்கும்மா. திரும்பப் படிக்க நேரம் இல்லை."

"இருக்கட்டும்க்கா, பழகிடுச்சு. பதின்மூணு?"

"போச்சு. இப்பவே போன்ல படிக்கிறேன். நீ பதிவு பண்ணிக்கோ."

கணவர் படுக்கப் போனார். "நீங்க உக்காருங்க" என்றார் கனிவக்கா. அவர் உட்கார்ந்தார்.

பதிவு என்றால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். போனில் அவள் பத்திக்குப் பத்தி நிறுத்தினாள். 'வெறும் மௌனம் மோசடி ஆகாது. பேச வேண்டிய கடமை ஒருவருக்கு இருந்தாலொழிய' என்ற இடத்தில் நின்றே போனாள்.

"இது புரியலக்கா. உங்களுக்குப் புரிஞ்சுதா?"

இத்தனை வருடத்தில் யாரும் கனிவக்காவிடம் கேட்காத கேள்வி. புத்தகத்தை இன்னொரு முறை பார்த்தார். "நான் படிக்கிறவ மட்டும்தாம்மா" என்றார்.

"ஆகாதுன்னுதான போட்டிருக்கு?" என்றார் கணவர், கட்டிலிலிருந்து. அவருக்கு அந்த வரி பிடித்திருந்தது.

"இருந்தாலொழியன்னும் போட்டிருக்கு மாமா" என்றாள் மாணவி.

"எனக்கென்ன கடமை? யாரும் கேக்கலையே."

"விக்கிற பொருள்ல இருக்கற குறை உங்களுக்கு மட்டும்தான் தெரியும், வாங்கறவருக்குத் தெரிய வழியே இல்லன்னா?"

கணவர் சற்று யோசித்தார். பிறகு தனக்கு மாவு சப்ளை செய்யும் ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஈரம் பட்ட மூட்டையை அடியில் வைத்து இறக்கிவிட்டு வாயே திறக்காமல் போனவனாம். அவனுக்குப் பேச வேண்டிய கடமை இருந்ததா இல்லையா என்பதை மூவரும் நெடுநேரம் விசாரித்தார்கள். இருந்தது என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு தனக்கும் பொருந்தும் என்பதைக் கணவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கனிவக்கா பக்கத்தைத் திருப்பி மேலே வாசித்தார்.

திங்கட்கிழமை மாலை மாணவி கூப்பிட்டாள். மௌனம் பற்றிக் கேள்வி வரவில்லையாம். பதினொன்றாவது அத்தியாயத்திலிருந்து பெரிய கேள்வியே வந்ததாம்.

"எழுதுனியா?"

"எழுதினேன்க்கா. நான் சொல்லச் சொல்ல எழுத வந்தவங்க, பேப்பர் பத்தாம கூடுதலா வாங்கி எழுதினாங்க."