பூங்காவுக்குப் போன மனை

வடக்குப்பட்டு அருகே வரவிருந்த ஒரு குடியிருப்பின் மனைப்பிரிவு வரைபடம் நகரமைப்பு அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தது. அதைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. முதலில் கண்ணில் பட்டது பூங்கா. மனை போட முடியாத கோணல் மூலைகளுக்கெல்லாம் பச்சை அடித்து வைத்திருந்தார்கள். ஏரியின் உபரிநீர் ஓடும் கால்வாயை ஒட்டியோ வரிசையாக மனைகள். பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று நீலப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். அந்த வரிசை முழுக்க உள்ளே விழுந்தது.

பூங்காவைக் கால்வாய் ஓரமாக மாற்றச் சொல்லிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தம்பதி வந்தார்கள். அனுமதி கிடைக்கும் முன்பே அங்கே மனைக்கு முன்பதிவு செய்திருந்தவர்கள். அந்தப் பெண் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவள். நைட் ஷிஃப்ட் முடித்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்திருந்தாள். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார்.

"இன்னா மேடம், எங்க லேஅவுட்டு உங்ககிட்டதான் நிக்குதாம். எப்போ வுடுவீங்க?" என்றார் அவர்.

வரைபடத்தை விரித்து அவர்கள் மனையைக் காட்டச் சொன்னேன். அவர் விரல் வைத்த இடம் நீலக் கோட்டுக்கு உள்ளே இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லா இடத்துலயும்தான் தண்ணி வருது. இத மட்டும் ஏன் புடிச்சி வெச்சிகினு கீறீங்க?"

"நீ சும்மா இருய்யா. போன மழைல வாடக வூட்ல கட்டிலு மேல ஸ்டவ்வ வெச்சி சமைச்சமே, மறந்துட்டியா?" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "இங்கயும் அதேதானா மேடம்?" என்று கேட்டவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டீ வரவழைத்தேன். மாற்று மனை தருவது என் கையில் இல்லை. மனை விற்பவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள் என்றேன். பேச்சுவாக்கில், அங்கே குடிபோனால் வேலை முடிந்து வீட்டுக்கு எப்படி வருவாய் என்று அவளிடம் விசாரித்தேன்.

"பஸ்ஸு மெயின் ரோட்லயே எறக்கி வுட்ரும். இவுருக்கு டூட்டி இருந்தா ஒண்டியாதான் சுத்திகினு வரணும்."

வரைபடத்தில் மெயின் ரோட்டுப் பக்கம் எல்லாத் தெருவும் சுவரில் போய் முட்டி நின்றன. ஒரு தெருவையாவது அங்கே திறந்துவிட வேண்டும், விளக்கும் போட வேண்டும் என்று குறிப்பில் சேர்த்தேன்.

குறிப்பைப் பார்த்துவிட்டு மனை விற்பவர் நேரில் வந்தார். "பூங்காவ கால்வாய் ஓரமா போட்டா ஒரு வரிசையே போயிடும் மேடம்."

"வித்துட்டீங்கன்னா, மழையில வாங்கினவங்க யாரைத் தேடி வருவாங்க?"

அவர் முகம் வாடிவிட்டது. அவருக்கும் கஷ்டம்தான். இருந்தாலும் திரும்பத் திரும்ப வரைந்து எடுத்து வந்தார். கடைசியில் கால்வாயின் இரு கரையிலும் நீளமாக ஒரே பூங்கா வந்தது. ஒரு தெரு மெயின் ரோட்டைத் தொட்டது. தம்பதிக்குப் பின்வரிசையில் வேறு மனை கிடைத்தது.

சென்ற மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனேன். பூங்காவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். தெருக்கள் நனைந்திருந்தன, அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்து குடையோடு வந்த அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஜன்னல தொறந்தா டிரான்ஸ்ஃபார்மர்தான் மேடம் தெரியுது," என்று குறைபட்டுக்கொண்டே வீட்டுக்கு அழைத்துப் போனாள். சுவருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. என்ன கலர் என்பதில் கணவனும் மனைவியும் ஒத்துப்போகவில்லையாம். என்னையே சொல்லச் சொன்னார்கள். நான் மாட்டிக்கொள்ளாமல், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.