மூன்றாம் பத்தில் ஒன்று குறைந்தது

1990 அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். ஆறே காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அம்மாவுக்கு நான்கு குடம், எனக்கு இரண்டு. எட்டரைக்குப் பள்ளி. நாலரைக்கு வீடு திரும்பி, டீயில் பன் தொட்டுத் தின்று, வீட்டுப்பாடம் முடித்தேன். ஐந்தரைக்கு அப்பா ஆலையிலிருந்து வந்து குளித்தார். ஏழு மணிக்கு முத்தியால்பேட்டை வீட்டின் கூடத்தில், மாதா சுரூபத்துக்கு முன்னால் அப்பா, அம்மா, அத்தை, நான் நால்வரும் முழந்தாளிட்டோம். ஒன்பது நாள் ஜெபமான நவநாளின் எட்டாம் நாள். எனக்கு வயது ஒன்பது.

இவற்றை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. அந்த ஆண்டு ஒரு நோட்டு வைத்திருந்தேன். அட்டை போய்விட்டாலும் உள்ளே எல்லாம் இருக்கிறது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு எங்களைத் தயார் செய்த சிஸ்டர், ஜெபத்தின் நடுவே மனம் வேறெங்காவது போனால் அதற்குப் பராக்கு என்று பெயர், படுக்கும் முன் அன்றைய பராக்குகளை எண்ணி எழுதி வையுங்கள் என்று சொல்லியிருந்தார். மூன்று நாள் என்னுடையதை எழுதினேன். பக்கம் நிறையவில்லை. ஆகவே மற்றவர்களுடையதையும் எழுதத் தொடங்கினேன்.

அப்பா: கொட்டாவி நான்கு, ஜெபமாலையின் நான்காம் பத்தில் குறட்டை ஒன்று. அம்மா: முதல் பத்தில் பால் பொங்கும் வாசனை வந்ததும் எழுந்து போனாள், ஆனால் அடுப்படியிலிருந்தே 'புனித மரியே' என்று உரக்கப் பதில் சொன்னதால் அரைப் பராக்கு. அத்தை: இல்லை. அத்தைக்கு நேரே எல்லா நாளும் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறேன்.

நவநாளே அத்தைக்காகத்தான். அவள் அப்பாவின் தங்கை. இருபத்து நாலு வயது. அந்த ஜூனில்தான் பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர், தன் பெரியப்பாவோடு அவளைப் பெண் பார்க்க வந்தார். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எனக்குக்கூடப் பிரெஞ்சில் 'பொன்ழூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். மாப்பிள்ளை நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். அதில் முப்பது நிமிடம் அங்கே இருக்கும் தன் பிரிட்ஜைப் பற்றிப் பேசினார். அத்தையிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "குளிர் தாங்குவியா?"

"எவ்ளோ அக்கறை பாரேன்" என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடிப்பதாகப் பெரியப்பா சொல்லியனுப்பியிருந்தார். அது நல்லபடியாக அமைய வேண்டும் என்பதே நவநாளின் கருத்து. அமைந்தால் எனக்கு வெள்ளை சாட்டினில் ஒரு கவுன் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகவே நானும் முழு மனதோடு ஜெபித்தேன்.

பத்துப் பத்து மணிகளாகக் கோத்த ஜெபமாலையின் ஐந்து பத்துகளையும் நாங்கள் பங்கிட்டிருந்தோம். முதலும் ஐந்தும் அப்பாவுக்கு, இரண்டு அம்மாவுக்கு, மூன்று அத்தைக்கு, நான்கு எனக்கு. தொடங்குகிறவர் 'அருள் நிறைந்த மரியே'யின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வோம். பத்தும் முடிந்ததென்று தெரிந்து, பத்தை முடிக்கும் திரித்துவப் புகழுக்குப் போவது அவர் பொறுப்பு. அதனால் மற்றவர்கள் மணியை எண்ணுவதில்லை. நான் எண்ணினேன். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பத்தின் முடிவில் என் கையில் ஒரு மணி மிஞ்சியது. என் தவறு என்று நினைத்தேன். புதனன்றும் மிஞ்சியது. வியாழனன்று விரல்களையும் மடக்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, இயேசுவின் முள்முடியைத் தியானிக்கும் அந்த மூன்றாம் பத்தில், மணியும் விரலும் ஒன்றையே சொல்லின. ஒன்பது.

எல்லோரும் சிலுவை போட்டு எழுந்ததும் அறிவித்தேன்.

"அப்பா, அத்தை ஒம்பதுதான் சொன்னாங்க."

"என்னாது?"

"மூணாவது பத்துல ஒண்ணு வுட்டுட்டாங்க. நேத்தும் ஒம்பது, முந்தாநாளும் ஒம்பது. செவ்வாக்கெழமைலேர்ந்து பாத்துக்கினு வரேன்."

"ஜெபம் பண்ணச் சொன்னா இவ போலீசு வேல பாக்கறா" என்றாள் அம்மா. "கை தவறியிருக்கும், போடி."

"தெனமுமா தவறும்?"

அப்பா அத்தையைப் பார்த்தார். "மொத நாள்லேர்ந்தேவா?"

அத்தை ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டு நாளா முட்டி தேஞ்சி கெடக்கறேன். ரெண்டு நாள் பாலு தீஞ்சி போச்சி. யாருக்காக? ஓட்ட வுழுந்த நவநாள மாதா எப்பிடி வாங்கிக்குவாங்க?"

"ஒண்ணுதான அண்ணி" என்றாள் அத்தை, மெல்ல.

"எட்டு!" என்றேன் நான்.

புதிதாக ஒன்பது நாள் தொடங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே நாள்தான் இருந்தது. சனிக்கிழமையே ஒன்பது ஜெபமாலையும் சொல்லிவிட்டால் என்ன என்று அம்மா கேட்டாள். "ஒண்ணுக்கே நான் தாங்கறதில்ல" என்றார் அப்பா. குறட்டையை அவர் ஒப்புக்கொண்டது அன்றுதான் முதல் முறை. கோயில் சாமியாரிடம் போய்க் கேட்க அம்மாவுக்கு வெட்கம். கடைசியில் நான்தான் வழி சொன்னேன்: விட்டது எட்டு, அந்த எட்டையும் இப்போதே சொல்லிவிட்டால் நேராகிவிடும். அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள். விட்டவளே சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

மறுபடியும் முழந்தாளிட்டோம். அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏழாவது முடிந்ததும் நின்றுவிட்டாள். மாதாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குது அத்தை."

அவள் கன்னம் நனைந்திருந்தது. பக்தி அதிகமானால் அப்படி ஆகும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

"விடு" என்றார் அப்பா. "சொல்ல வேணாம்னா விட்டுடு."

"எப்பிடிங்க விடறது? ஒண்ணே ஒண்ணுதான்!" என்றாள் அம்மா.

அந்த ஒன்றை நான் சொன்னேன். கணீரென்று, சுரூபத்தைப் பார்த்து, ஒரு சொல்லும் விடாமல். அம்மா மட்டும் பதில் சொன்னாள். 'எட்டாவதற்கு அப்பா பதில் சொல்லவில்லை, பராக்கு ஒன்று' என்று நோட்டில் இருக்கிறது.

அத்தைக்கு அந்தச் சம்பந்தம் வேண்டாம். அதை அண்ணனிடமும் அண்ணியிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தனக்கு வேண்டாததைத் தா என்று மாதாவிடம் முழுதாகக் கேட்கவும் முடியவில்லை. நவநாளைக் குறையில்லாமல் முடித்தால் கேட்டது கட்டாயம் நடந்துவிடும் என்று எங்கள் எல்லோரையும்விட உறுதியாக நம்பியவள் அவள்தான். அந்தப் பயத்தில்தான் நாளுக்கு ஒன்றை விட்டாள். ஆக, அவளுக்குப் பராக்கே இல்லை என்று நான் எழுதி வைத்தது சரிதான்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. அன்று ஒன்பது மணிக்குப் படுத்தபோது, அத்தையின் கல்யாணத்தைக் காப்பாற்றியது நான்தான் என்றும், பெரியவளானதும் அவளிடம் இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, பல் விளக்குவதற்கும் முன்னால், அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.